காஞ்சியில் ஒரு ரைஃபிள்: எங்கே வைப்பது, எங்கே சுடுவது?

காஞ்சிபுரத்தில் ஒருவர் எஸ்.எல்.ஆர். ரகத்தைச் சேர்ந்த அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றை விலைக்கு வாங்க முடியுமா என்று கேட்டால், பதில் ஒற்றைச் சொல்தான்: முடியாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா பாய்கிறது. காலிக் குப்பியை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றும் வேலையை வெடிவாயுவே முடித்துவிடுகிறது. இப்படிப்பட்ட ரைஃபிள்களையும், ராணுவத் தோட்டா பொருந்தும் .303, 7.62 மி.மீ. ரைஃபிள்களையும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் முதல் வகையில் வைத்திருக்கின்றன. வழக்குப் பேச்சில் 'பி.பி.' (தடைசெய்யப்பட்ட ரகம்) என்று சொல்லப்படும் அந்த வகைக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர முடியாது. மத்திய உள்துறை அமைச்சகத்துக்குத்தான் அந்த அதிகாரம். உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் இருக்கிறது என்று நிரூபித்த மிகச் சிலருக்கே அது கிடைக்கிறது. இந்தத் தடை சரியானது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் பாதிக் கதை அதோடு முடிகிறது. மீதிப் பாதி, சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கிகளைப் பற்றியது. அவற்றை வாங்கும் வழியில் அரசு அடுக்கடுக்காகக் காவல் போட்டிருக்கிறது. வாங்கியவர் அவற்றை ஒழுங்காகச் சுடக் கற்றிருக்கிறாரா என்ற கேள்வி மட்டும் ஒரு சான்றிதழோடு கடந்துபோய்விடுகிறது. என் கவலை அங்கேதான் இருக்கிறது.

முதலில், என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். 21 வயது நிரம்பியவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறையின் அறிக்கை வர வேண்டும். வருவாய்த் துறையும் விசாரிக்கும். குற்ற வழக்கு, மனநலம், விண்ணப்பத்துக்கான காரணம் எல்லாம் பார்க்கப்படும். உரிமம் கைக்கு வந்தால் ரிவால்வர், பிஸ்டல், 12 போர் இரட்டைக்குழல், .22 ரைஃபிள், .315 ரைஃபிள் ஆகியவற்றில் ஒன்றை வாங்கலாம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் மூன்று வரை அனுமதி இருந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண உரிமதாரர் இறக்குமதி செய்ய முடியாது. ஆகவே ரைஃபிள் என்றால் பெரும்பாலும் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு இயக்கத்தையே அடிப்படையாகக் கொண்ட போல்ட் ரைஃபிள் அது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். அந்த .315 என்ற அளவுக்கே ஒரு வரலாறு உண்டு. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடுபோனாலும் குடிமக்களின் ரைஃபிளில் அது நுழையக்கூடாது என்று வெள்ளையர் ஆட்சி .303-ஐத் தனியாருக்குத் தடுத்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றில் ஒன்று இது. நம் திருச்சியிலும் 1966 முதல் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கே உருவாகும் 'டி.ஏ.ஆர்.' என்ற திருச்சி ரைஃபிள் காவல் படைகளுக்குப் போகிறது. தனியாருக்கு அந்தத் தொழிற்சாலை தந்தது 12 போர் பம்ப் துப்பாக்கி. ஆக, திருச்சியில் பிறக்கும் நவீன ரைஃபிளைக் காஞ்சிக்காரர் வாங்க வழியில்லை. அப்படி இருப்பதுதான் நல்லது.

ஏன் நல்லது என்பதை ரைஃபிளின் உடம்பிலிருந்தே சொல்ல வேண்டும். தொலைநோக்கி பொருத்தாத ரைஃபிளில் குறி பார்க்க இரண்டு இரும்புத் துண்டுகள்தான் உண்டு. குழாயின் முனையில் நிற்கும் சிறு முள்ளை என்.சி.சி. மாணவர்கள் ஃபோர் சைட் என்பார்கள். கண்ணுக்கு அருகில் இருக்கும் துளை அல்லது பிளவு பேக் சைட். துளையின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் உச்சியில் இலக்கை உட்கார வைக்க வேண்டும். மனிதக் கண்ணால் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. எனவே முள் தெளிவாகவும் இலக்கு சற்று மங்கலாகவும் தெரியும்படி பார்க்கப் பழக வேண்டும். புதிதாகச் சுடுபவர் இதைத் தலைகீழாகச் செய்வார். இலக்கை உற்றுப் பார்ப்பார். முள் நகர்ந்ததைக் கவனிக்க மாட்டார். எஸ்.எல்.ஆரில் இரண்டு சைட்டுகளுக்கும் இடைவெளி அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தொலைவில் தோட்டா ஏறக்குறைய 18 செ.மீ. தள்ளிப் பாயும். விசையை வெடுக்கென்று இழுத்தால், மூச்சை நடுவில் விட்டால், கட்டை தோளில் சரியாகப் பதியாவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டர் தானாக வந்துவிடும். புது ரைஃபிள் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதைச் சார்ந்ததே. ஒரே புள்ளியைக் குறிவைத்து சில தோட்டாக்கள் சுட்டு, அவை எங்கே கூட்டமாக விழுகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப சைட்டைத் திருத்த வேண்டும். இதை ஜீரோயிங் என்பார்கள். இது ஒரு முறை செய்துவிட்டு மறக்கும் வேலை அல்ல. தோட்டாவின் வகை மாறினாலோ ரைஃபிள் கீழே விழுந்தாலோ மறுபடி செய்ய வேண்டும்.

இதைச் செய்ய இடம் வேண்டும். இங்கேதான் காஞ்சிபுரம் என்ற ஊர் கணக்கில் வருகிறது. 7.62 ரைஃபிளின் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது; தடுக்க ஏதுமில்லாவிட்டால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். பெரிய காஞ்சியில் வானத்தைப் பார்த்துச் சுட்ட தோட்டா சின்னக் காஞ்சித் தெரு ஒன்றில் வந்து விழலாம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. தறிக்குழிக்குள் கால்களை விட்டு, தரை மட்டத்தில் உடம்பை வைத்துப் பகல் முழுவதும் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஓட்டுக் கூரையும் மரக்கதவும் இந்தத் தோட்டாவுக்கு ஒரு தடையே அல்ல. ஊரைத் தாண்டினால் ஏரிகள், வயல்கள், செங்கல் சூளைகள். எங்கே பார்த்தாலும் ஆள் நடமாட்டம். நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் 2021 டிசம்பர் 30 அன்று மத்தியப் படையினர் சுட்டுப் பழகிய தளத்திலிருந்து பறந்த தோட்டா ஒன்று, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அது முறையாக அமைக்கப்பட்ட தளம். சுட்டவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே தொழிலாகப் பழகுகிறவர்கள். மலைச்சரிவு பின்னால் இருந்தும் இப்படி நடந்தது. அப்படியிருக்க, ஏரிக்கரையில் ஒரு மதியம் புது ரைஃபிளைச் 'சும்மா சுட்டுப் பார்ப்பது' என்ற எண்ணத்துக்கு இந்த மாவட்டத்தில் இடமே இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, வியாபாரிகளின் மறுப்பு; அதில் உண்மையான அச்சம் இருக்கிறது. காந்தி ரோட்டிலும் மற்றக் கடைவீதிகளிலும் ஒரு பட்டுக்கடைக்குள் இருக்கும் சரக்கின் மதிப்பு சாதாரணமானதல்ல. தங்க விலை ஏற ஏறச் சரிகையின் விலையும் ஏறுகிறது. முகூர்த்த மாதங்களில் பணமும் நகையுமாக வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. இத்தனைக்கும் நடுவில் தற்காப்புக்கு நல்ல ஆயுதம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஆனால் எந்தச் சூழ்நிலையில் அந்த ரைஃபிள் பயன்படும் என்று படிப்படியாக யோசித்துப் பாருங்கள். கொள்ளையர் நுழையும்போது கடையில் புடவை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களும் குழந்தைகளும் இருப்பார்கள். விதிப்படி பூட்டி வைத்த ரைஃபிளை எடுத்து, தோட்டா நிரப்பி, நெருக்கடியில் முள்ளையும் துளையையும் ஒன்றாக்கிக் குறி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுட்டாலும், கொள்ளையனைத் துளைத்த தோட்டா அவனுக்குப் பின்னால் நிற்பவரிடம் போய்த்தான் நிற்கும். இரவில் கடை பூட்டியிருந்தால் அந்த ரைஃபிளே கொள்ளையனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு.

ஆயுதம் இருந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை உடைக்க இந்த மாவட்டத்து மண்ணைவிடக் கொடிய சாட்சி வேறில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தார்கள். மாலையோடு நெருங்கி வந்த ஒருவரின் இடுப்பில் இருந்த குண்டை எந்தத் துப்பாக்கியும் தடுக்கவில்லை. காவலர்களும் சேர்ந்தே உயிரிழந்தார்கள். அன்று தேவைப்பட்டது கூட்டத்தை ஒழுங்குபடுத்தலும் சோதனையும் முன்னெச்சரிக்கைத் தகவலும்தான். கடைக்கும் அதேதான் பொருந்தும். வங்கி லாக்கர், காப்பீடு, கேமரா, உறுதியான ஷட்டர், இரவு ரோந்து ஆகியவை எதையும் சுடாமல் காக்கின்றன. இன்னொரு சம்பவத்தையும் மறக்கக் கூடாது. 2011 ஜூலை 3 அன்று சென்னையில் ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள் பாதாம் கொட்டை பொறுக்கச் சுவரேறிப் போன 13 வயதுச் சிறுவன் ரைஃபிள் குண்டுக்குப் பலியானான். சுட்டதாகக் கைதானவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. 2012-ல் விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவரளவுக்கு ஆயுதப் பயிற்சி உள்ளவர் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் ரைஃபிள் இருக்கும்போது, ஒரு நொடி எரிச்சல்கூட மரணமாக மாறிவிடுகிறது என்பதே அந்த வழக்கு காட்டிய பாடம்.

சட்டம் தன்னோடு தானே முரண்படுகிறது என்பது நுட்பமான இன்னொரு மறுப்பு. .32 பிஸ்டலும் அரைத் தானியங்கிதானே, அதற்கு ஆட்சியர் உரிமம் தருகிறாரே, ரைஃபிளுக்கு மட்டும் ஏன் தடை என்கிறார்கள். இயக்கம் ஒன்றுதான்; விளைவு வேறு. .32 தோட்டா குழாயை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் 200 ஜூலுக்குள் அடங்கும், 7.62 தோட்டாவுக்கு அது 3,000 ஜூலைத் தாண்டும். எஸ்.எல்.ஆரின் மேகசின் 20 தோட்டா கொள்ளும். பழகிய கை அதை அரை நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடையில் கை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த இடைவெளியில் கூட்டம் சிதறி ஓடலாம், பக்கத்தில் இருப்பவர் பாய்ந்து பிடிக்கலாம், சுடுபவருக்கே புத்தி வரலாம். ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரல் 28 அன்று ஒருவன் இத்தகைய ரைஃபிள்களால் 35 பேரைக் கொன்றான். அந்த நாடு உடனே சட்டத்தை மாற்றி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அங்கே பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்டன. அந்த நாடுகள் பிணங்களை எண்ணிய பிறகு போட்ட பூட்டு நம்மிடம் முன்கூட்டியே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அதை நான் மதிக்கிறேன். துப்பாக்கி உரிமச் சட்டம் என்பதே நம்மை நிராயுதபாணியாக்க லிட்டன் பிரபு 1878-ல் கொண்டுவந்தது என்கிறார்கள். உண்மைதான். ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு, இந்தியர்களுக்குத்தான் கெடுபிடி. அந்த அவமானத்துக்கு எதிர்வினையாகத்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்கள் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனை அந்தத் தீர்மானத்துக்குள்ளேயே இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு 1959-ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இன ஒதுக்கலை நீக்கியது, ஒழுங்குமுறையை வைத்துக்கொண்டது. துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வரலாறு பேசுவதென்றால் காஞ்சியின் வரலாற்றையும் சேர்த்தே பேச வேண்டும். 1751-ல் கிளைவின் படை இந்த ஊரின் பெரிய கோயிலை முற்றுகையிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் கோயில் மதிலைக் கோட்டையாக்கி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். காஞ்சியில் முகாமிட்டிருந்த ஆங்கிலத் தளபதி மன்றோவின் படை பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கியது. மறு ஆண்டு அதே புள்ளலூரில் நடந்த போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத்தூண்கள் இன்றும் அங்கே வயல்களுக்கு நடுவில் நிற்கின்றன. அந்த ஆண்டுகளில் ஊரைச் சுற்றி எரிந்த கிராமங்களுக்குத் தூண் எதுவும் இல்லை.

குற்றவாளிகளிடம் கள்ளத் துப்பாக்கி இருக்கிறதே, நல்லவன் கையை மட்டும் கட்டுவது என்ன நியாயம் என்ற கேள்வியும் உண்டு. காஞ்சிபுரத்து ரவுடித்தனத்தின் கதையை நாளிதழில் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்: அதன் ஆயுதம் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும்தான். 2004-ல் நாட்டையே உலுக்கிய வரதராஜப் பெருமாள் கோயில் கொலையும் துப்பாக்கியால் நடந்ததல்ல. துப்பாக்கி இங்கே அரிதாக இருப்பதால்தான் ரவுடிகளும் அரிவாளோடு நிற்கிறார்கள். கடைக்குக் கடை ரைஃபிள் வந்தால் அவர்களும் அதற்கு ஈடாகத் தேடுவார்கள், திருடவும் செய்வார்கள். வடமாநிலங்களிலிருந்து வரும் கள்ளத் துப்பாக்கியைத் தடுப்பது காவல் துறையின் வேலை, அதில் தளர்வு கூடாது. அந்த வேலைக்கு வீட்டு ரைஃபிள் மாற்றாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ரைஃபிள் மீது சிலருக்கு இருக்கும் ஈடுபாட்டை நான் குறைத்துப் பேசத் தயாராக இல்லை. மூச்சையும் கண்ணையும் விரலையும் ஒரு புள்ளியில் கட்டிப்போடும் அந்தக் கலை மிக நல்ல கலை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றிருக்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வென்றதும் பல இளைஞர்கள் ரைஃபிள் கிளப்புகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமமே தேவையில்லை. முள்ளையும் துளையையும் ஒன்றாக்கும் வித்தையை அதிலேயே முழுமையாகக் கற்றுவிடலாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு அறையும் பின்சுவரும் தோட்டாவை நிறுத்தும் தடுப்பும் போதும். என்.சி.சி. மாணவர்கள் .22 ரைஃபிளில் கற்றுக்கொள்ளும் ஒழுங்கு, பட்டம் வாங்கியதோடு கைவிட்டுப் போகிறது. அதைத் தொடர மாவட்டத் தலைநகரில் ஒரு பொதுத்தளம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அது கட்டுப்படியாகும்.

உரிம முறையில் இருக்கும் ஓட்டையும் இதோடு சேர்ந்தது. 2016 விதிகள் விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன: கையாளும் முறை, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைப்பது எல்லாம் அதில் உண்டு. விதி நல்ல விதி. ஆனால் பயிற்சி ஒருமுறை. உரிமமோ ஐந்தாண்டு, அதன் பின் மறு ஐந்தாண்டு. புதுப்பிக்கும்போது துப்பாக்கியைக் காட்டச் சொல்கிறார்கள், எண்ணைச் சரிபார்க்கிறார்கள். அதைப் பிடிக்கும் கையை யாரும் சோதிப்பதில்லை. கண்ணில் புரை வந்திருக்கலாம், கை நடுங்கலாம், தோட்டா பழையதாகிப் போயிருக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன் அங்கீகரிக்கப்பட்ட தளம் ஒன்றில் சுட்டுக்காட்டி, பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று நிரூபித்தால்தான் ஆட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். வங்கி வாசலில் இரட்டைக்குழலோடு நிற்கும் காவலருக்கும் இது பொருந்த வேண்டும். நாளெல்லாம் ஜனங்களுக்கு நடுவில் துப்பாக்கியோடு நிற்பவர் அவர்தான். பலருக்குச் சுட்டுப் பழக வாய்ப்பே அமைவதில்லை. இதனால் உரிமதாரர்களுக்குச் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். சுட்டுப் பழக நேரமும் பணமும் இல்லாதவருக்கு வீட்டில் துப்பாக்கி எதற்கு?

காஞ்சி மாவட்டத்தில் தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அது வாரிசுக்குத் தானாக வந்துசேராது. வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் காலாவதியான துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். தேர்தல் வந்தால் ஒப்படைத்துவிட்டுப் பிறகு போய் வாங்கி வருவதை ஒரு சடங்காகச் செய்துகொண்டிருப்பவர்கள், கடைசியாக அதை எப்போது, யார், எங்கே சுட்டார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ கொண்டுபோய் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.